குரங்கின் நேற்றைய நாளை அறிவது எப்படி

ஒரு காட்டு விலங்கு எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அறிய அதைப் பிடித்து ரத்தம் எடுத்தால், பிடிபட்ட கலக்கமே ரத்தத்தில் முந்திக்கொண்டு வந்து நிற்கும். அச்சம் மூளையைத் தொட்ட சில நிமிடங்களுக்குள் கார்டிசால் என்னும் ஹார்மோன் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடுகிறது. துரத்தி, வலையில் சுருட்டி, ஊசி குத்திப் பெறும் எண் அந்த வலையைப் பற்றித்தான் பேசும். அதற்கு முந்தைய நாள் அந்த விலங்கு எப்படி வாழ்ந்தது என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் ராபர்ட் சபோல்ஸ்கி. 1978 முதல் பல ஆண்டுகள் கென்யாவின் மசாய் மாரா பகுதியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர். ஊதுகுழலில் மயக்க ஊசியை வைத்து ஊதி, குரங்கு மயங்கி விழுந்ததும் விரைந்து ரத்தம் எடுப்பது அவர் முறை. அதற்கு அவர் வகுத்துக்கொண்ட கட்டுப்பாடுகள் கடுமையானவை. நாளின் ஒரே வேளையில்தான் ஊசி எய்ய வேண்டும், ஏனெனில் கார்டிசால் காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும். அன்று சண்டையிட்ட குரங்கோ, புணர்ந்த குரங்கோ, நோயுற்ற குரங்கோ கூடாது. ஊசி வருவதைக் குரங்கு பார்த்துவிடவும் கூடாது. இவ்வளவு பொறுமைக்குப் பிறகு கிடைத்த தரவு அருமையானது. உடலின் அழுத்த எதிர்வினை சமூக அந்தஸ்தோடு எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. ஆனால் அந்த முறை பெரும்பாலும் வளர்ந்த ஆண்களோடு நின்றுவிட்டது. சூலுற்ற பெண்ணையோ, வயிற்றில் குட்டி தொங்கும் தாயையோ மயக்கி வீழ்த்த மனமும் வராது, நியாயமும் இல்லை. ஒரே குரங்கை வாரந்தோறும் வீழ்த்தவும் முடியாது. கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட உயிர்களின் கதை அந்த ஊசிக்கு எட்டாமலே இருந்தது.

அது எட்டியது, குரங்கைத் தொடுவதை விட்டுவிட்டு அது விட்டுச்செல்வதைப் பொறுக்கத் தொடங்கிய பிறகுதான்.

இதன் அடிப்படை எளிது. மூளையின் ஹைப்போதலாமஸ் ஆபத்தை உணர்ந்ததும் அதன் கீழிருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சமிக்ஞை அனுப்புகிறது. பிட்யூட்டரி ஏசிடிஹெச் என்னும் ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகங்களின் தலைமேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அதைப் பெற்று கார்டிசாலைச் சுரக்கின்றன. கார்டிசால் உடலின் சேமிப்பைக் கரைத்துச் சர்க்கரையாக்கித் தசைக்கும் மூளைக்கும் தருகிறது. செரிமானம், வளர்ச்சி, இனப்பெருக்கம் போன்ற ஆற அமரச் செய்ய வேண்டிய வேலைகளைத் தள்ளிவைக்கிறது. வேலை முடிந்த ஹார்மோனைக் கல்லீரல் உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் ஒரு பகுதி சிறுநீரில் சேர்கிறது. மற்றொரு பகுதி பித்தநீரோடு குடலுக்குள் இறங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களால் மேலும் உருமாறி, மலத்தோடு வெளியேறுகிறது. சிறுநீரில் அது சில மணி நேரத்தில் தெரியும். மலத்தில் தெரிய, குடலின் வேகத்தைப் பொறுத்து, ஏறத்தாழ ஒரு நாளோ அதற்குச் சற்று மேலோ ஆகும். இன்று காலை பொறுக்கும் மலத்தில் இருப்பது அந்தக் குரங்கின் நேற்றைய நாள்.

ஒரு துளி ரத்தம் ஒரு கணத்தைத்தான் காட்டும். மலம் பல மணி நேரத்துச் சுரப்பைத் திரட்டி, சராசரியாக்கித் தருகிறது. கண நேரத் திடுக்கிடல் அதில் கரைந்துவிடும். நாள்பட்ட நெருக்கடி தங்கும். நாம் அறிய விரும்புவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். எனவே மலத்தை ரத்தத்துக்கு மாற்றான இரண்டாந்தரப் பொருளாக நினைப்பது பிழை என்பேன். ரத்தம் பதில் சொல்ல முடியாத கேள்விகள் சிலவற்றுக்கு மலம் பதில் வைத்திருக்கிறது.

இந்த வழி முதலில் திறந்தது இனப்பெருக்க ஹார்மோன்களுக்காக. 1980களின் இறுதியில் சாமுவேல் வாசரும் அவர் கூட்டாளிகளும் பபூன்களின் மலத்தில் மாதவிடாய்ச் சுழற்சியையும் சூலையும் காட்டும் ஸ்டீராய்டுகளை அளக்க முடியும் என்று காட்டினார்கள். எமரி பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா விட்டன் போன்றோர் இம்முறையைக் களத்துக்கு ஏற்றதாக்கினர். 1990களில் கவனம் கார்டிசால் பக்கம் திரும்பியது. அப்போதுதான் கடினமான பகுதி தொடங்கியது.

கார்டிசாலை மலத்தில் தேடினால் பெரும்பாலும் கார்டிசால் இருக்காது. கதிரியக்க அணு பூட்டிய கார்டிசாலை நீள்வால் குரங்கு, மார்மோசெட், சிம்பன்ஸி ஆகியவற்றுக்குச் சிறிதளவு செலுத்தி, அது எங்கே எப்போது வெளியேறுகிறது என்று தொடர்ந்து பார்த்த ஆய்வு 2000இல் வெளியானது. மலத்தில் வந்தவை ஏறக்குறைய முழுவதும் சிதைபொருட்களே. எந்தச் சிதைபொருள் எவ்வளவு என்பதும் இனத்துக்கு இனம் வேறுபட்டது. ஆகவே கார்டிசாலைப் பிடிக்கவென்று தயாரித்த எதிர்ப்பொருளை மலச்சாற்றில் இட்டால், அது பிடிக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ பிடித்து வரலாம். உருவத்தில் ஒத்த ஆண் ஹார்மோன்களின் சிதைபொருட்கள்கூட அதில் ஒட்டிக்கொள்ளும். எண் வரும், அழகான வரைபடமும் வரும், அது எதன் எண் என்பது மட்டும் தெரியாது.

வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ரூபர்ட் பால்மேயும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரே ஒரு மூலக்கூறைத் தேடாமல், ஒரே வடிவக்கூறு கொண்ட சிதைபொருட்களின் குடும்பத்தையே பிடிக்கும் சோதனைகளை உருவாக்கினார்கள். ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரிலுள்ள பிரைமேட் ஆய்வு மையத்தின் மிஷாயல் ஹைஸ்டர்மான் 2006இல் நான்கு சோதனைகளைப் பல குரங்கினங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் இனத்தில் தெளிவாகப் பேசிய சோதனை இன்னோர் இனத்தில் வாய் திறக்கவில்லை. அதன்பின் இத்துறையில் ஒரு நடைமுறை உறுதிப்பட்டது: புதிய இனத்துக்குச் செல்லும் முன் சோதனையையே சோதிக்க வேண்டும். காப்பகத்திலுள்ள விலங்குக்கு ஏசிடிஹெச் செலுத்தி, அடுத்த ஓரிரு நாள் மலத்தில் உயர்வு தெரிகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. விலங்கை இடம் மாற்றும்போதோ, சிகிச்சைக்காக மயக்கும்போதோ எப்படியும் நேரும் கலக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வது இன்னொரு வழி. ஊசியைத் தவிர்க்கும் முறையை நம்புவதற்கு எங்கோ சில விலங்குகள் ஒருமுறை ஊசியை ஏற்றிருக்கின்றன. அதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

களத்தில் நடப்பது இதைவிடவும் நுணுக்கமானது. மலம் கிடைத்தால் போதாது, அது யாருடையது என்று தெரிய வேண்டும். அதற்கு ஆய்வாளர் ஒவ்வொரு குரங்கையும் முகத்தாலும் நடையாலும் காதிலுள்ள கிழிசலாலும் அறிந்திருக்க வேண்டும்; அது கழிக்கும்வரை பின்தொடர்ந்து, கழித்ததைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஹார்மோன் மலத்தில் சீராகப் பரவியிருப்பதில்லை. கலக்காத சாம்பாரில் மேலாக ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்ப்பது போலாகிவிடும் என்பதால், முழுவதையும் பிசைந்து கலந்த பிறகே சிறு பகுதியை எடுக்கிறார்கள். விதையும் நாரும் அகற்றப்படும். வெளியே வந்த பின்னும் பாக்டீரியாக்கள் ஓய்வதில்லை; வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே அளவு மாறிவிடும். எனவே உடனே உறைய வைக்க வேண்டும், அல்லது ஆல்கஹாலில் ஊறவைத்து ஹார்மோனைப் பிரித்தெடுக்க வேண்டும். மின்சாரம் எட்டாத முகாம்களில் இரண்டாவதே வழி. மழையில் நனைந்த மலம், சிறுநீர் கலந்த மலம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும்.

சிம்பன்ஸிகளிடம் சிறுநீரே வசதி. விடியலில் கூட்டிலிருந்து எழுந்ததும் அவை மரத்திலிருந்தே கழிக்கும். கீழே நிற்பவர்கள் குச்சியின் முனையில் கட்டிய பிளாஸ்டிக் பையில் அதை ஏந்துவார்கள், அல்லது இலைகளின் மேல் தேங்கிய துளிகளைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். சிறுநீரில் ஒரு தொல்லை உண்டு. நிறைய நீர் குடித்த விலங்கின் சிறுநீர் நீர்த்திருக்கும், தாகத்தோடு இருந்ததன் சிறுநீர் அடர்ந்திருக்கும். கிரியாட்டினின் அளவையோ சிறுநீரின் ஒப்படர்த்தியையோ கொண்டு அதைச் சரிசெய்த பிறகே இரு நாட்களின் எண்களை அருகருகே வைக்கலாம்.

இத்தனை பாடும் எதற்கு என்பதற்கு என்னளவில் மிகச் சிறந்த விடை போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகத்தில் கிடைத்தது. அங்கே மொரேமி காப்பகத்தில் டாரதி சேனியும் ராபர்ட் சேஃபார்த்தும் சக்மா பபூன் கூட்டம் ஒன்றைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஆன் எங், ஜசிண்டா பீனர், கேத்தரின் கிராக்ஃபோர்ட், ரோமன் விட்டிக் ஆகியோர் அவர்களோடு சேர்ந்து பெண் குரங்குகளின் மலத்தை வாரந்தோறும் சேகரித்தார்கள்.

அந்தக் கூட்டங்களில் வெளியிலிருந்து வரும் ஓர் ஆண் சில சமயம் தலைமையைப் பிடித்துவிடும். பிடித்ததும் பால்குடிக் குட்டிகளைக் கொல்ல முனையும். குட்டி இறந்தால் தாய் விரைவில் மீண்டும் சூலுறத் தயாராவாள் என்பதே அதன் உயிரியல். அப்படி ஓர் ஆண் நுழைந்த வாரங்களில் பால் கொடுக்கும் தாய்களின் ஹார்மோன் அளவு ஏறியது. கூட்டத்தின் எல்லாப் பெண்களுக்கும் அப்படி ஏறவில்லை. யாருக்கு இழக்க ஒரு குட்டி இருந்ததோ அவளுக்குத்தான் ஏறியது. அந்தத் தாய்களிலும், தன்னோடு இணங்கி நின்று குட்டிக்குக் காவலாகும் ஆண் நண்பன் இருந்தவளுக்குக் கலக்கம் குறைவாக இருந்தது. ஆபத்து எல்லோர் கண்ணெதிரே நடந்தாலும் அது யாருடைய ஆபத்து என்பதை அந்த உடல்கள் பிரித்தறிந்திருந்தன.

2006இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு மரணத்தைப் பற்றியது. சிங்கம், சிறுத்தை போன்றவை ஒரு பபூனைக் கொன்றால், கண்டவர் எல்லோரும் அஞ்சுவது இயல்பு. ஆனால் நீடித்த ஹார்மோன் உயர்வு நெருங்கிய உறவை இழந்த பெண்களிடமே காணப்பட்டது, ஏறத்தாழ ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. அவர்கள் ஒதுங்கிப் போய் உட்காரவில்லை. முன்னைவிடக் கூடுதலாக, முன்னைவிடப் பலரோடு, பேன் பார்க்கத் தொடங்கினார்கள். சில்வியா என்று பெயரிடப்பட்ட உயர்நிலைப் பெண் ஒன்று அந்தக் கூட்டத்தில் இருந்தது. தாழ்ந்த நிலையிலுள்ள பெண்களைக் கிட்டே சேர்க்காத குணம் அதற்கு. தன் மகள் சியராவோடு மட்டுமே நெருக்கம். சியராவைச் சிங்கம் கொன்ற பிறகு, சில்வியா தன்னைவிட மிகத் தாழ்ந்த நிலைப் பெண்களோடும் உட்கார்ந்து பேன் பார்த்தது. பேன் பார்க்கும் வட்டம் விரிந்த பிறகு இப்பெண்களின் ஹார்மோன் அளவு பழைய நிலைக்கு இறங்கியது.

இதைத் துக்கம் என்று சொல்லலாமா என்று ஆய்வாளர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இழந்த உயிருக்கும் இழந்தவளின் உடலுக்கும் இடையே அளக்கத்தக்க கயிறு ஒன்று இருக்கிறது என்பதில் தயங்க ஒன்றுமில்லை. அந்தக் கயிற்றை எந்த மயக்க ஊசியும் காட்டியிருக்க முடியாது. இழப்புக்கு முந்தைய வாரங்களின் அளவு கையில் இருந்தால்தான் இழப்புக்குப் பிந்தைய உயர்வு தெரியும். எந்தக் குரங்கு நாளை எந்தச் சிங்கத்திடம் போகும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எல்லோருடைய மலத்தையும் எல்லா வாரமும் பொறுக்கி வைத்தவர்களுக்கே இந்த ஒப்பீடு கைகூடியது.

பேன் பார்ப்பதில் யாருக்கு ஆறுதல்? பார்க்கப்படுபவருக்கு என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். ஜிப்ரால்டரின் பார்பரி குரங்குகளிடம் கேத்தரின் ஷட் முதலியோர் 2007இல் கண்டது வேறு. எவ்வளவு பேன் பார்க்கப்பட்டது என்பதற்கும் ஹார்மோனுக்கும் தொடர்பு தெரியவில்லை. எவ்வளவு பேன் பார்த்துவிட்டது என்பதோடுதான் குறைந்த அளவு சேர்ந்து வந்தது. ஆய்வில் இருந்தவை பதினொரு பெண் குரங்குகள் மட்டுமே, அதனால் இதை விதியாக்கிவிடக் கூடாது. எனினும் கொடுப்பவருக்கே அமைதி என்னும் சாத்தியத்தை ஓர் ஆய்வுக்கூடத் தட்டு காட்டியது சிறிய செய்தி அல்ல. உகாண்டாவின் புடோங்கோ காட்டு சிம்பன்ஸிகளிடமும் இதற்கு நெருங்கிய செய்தி உண்டு. பகைக் கூட்டத்தோடு எல்லையில் மோதும்போதும், வெறுமனே ஓய்ந்திருக்கும்போதும், நெருங்கிய தோழமை அருகிலிருந்தால் சிறுநீரில் கார்டிசால் குறைவாக இருந்தது என்று 2016இல் விட்டிக்கும் கூட்டாளிகளும் எழுதினார்கள்.

அந்தஸ்துக்கு வருவோம். நிலையான படிநிலையுள்ள கூட்டங்களில் கீழ்நிலை ஆண்களுக்கே கார்டிசால் கூடுதல் என்பது சபோல்ஸ்கியின் ரத்த மாதிரிகள் சொன்னது. படிநிலை ஆட்டங்காணும்போது அந்த ஒழுங்கும் குலையும் என்பதையும் அவரே சொன்னார். 2011இல் அதே கென்யாவின் அம்போசெலியிலிருந்து இன்னொரு பார்வை வந்தது. ஜீன் ஆல்ட்மேனும் ஸ்டூவர்ட் ஆல்ட்மேனும் 1971இல் தொடங்கிய, இன்றுவரை தொடரும் பபூன் ஆய்வு அது. லாரன்ஸ் ஜெஸ்கியரும் குழுவினரும் 125 ஆண்களின் ஒன்பது ஆண்டு மல மாதிரிகளை ஆராய்ந்தார்கள். படிநிலையில் மேலே போகப்போக அளவு குறைந்துகொண்டே வந்தது. ஆனால் உச்சியில் ஒரு திடீர் முறிவு: முதலிடத்து ஆணின் அளவு, கடைநிலை ஆண்களுக்கு ஒப்பாக உயர்ந்திருந்தது. இரண்டாமிடத்து ஆணோ அவனைவிட வெகுவாகத் தாழ்ந்த அளவோடு இருந்தான். முதலிடத்தைக் காக்கும் சண்டைகளுக்கும், சூலுறும் தருணத்திலுள்ள பெண்ணை விட்டு அகலாமல் காவல் நிற்பதற்கும் ஆகும் ஆற்றலே காரணம் என்று அவர்கள் கருதினார்கள். கடைநிலை ஆணின் உயர்ந்த அளவுக்கு உணவும் அமைதியும் கிட்டாததைக் காரணமாகச் சொல்லலாம். ஒரே எண், இரண்டு வேறு வாழ்க்கைகள்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். கார்டிசால் உயர்ந்திருக்கிறது என்பதை விலங்கு துன்புறுகிறது என்று படித்துவிடும் பழக்கம் செய்திகளில் மட்டுமல்ல, ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுரைகளிலும் ஊறிக் கிடக்கிறது. கார்டிசால் முதலில் ஆற்றலைக் கையாளும் ஹார்மோன். எத்தியோப்பிய மலைகளின் ஜெலாடா குரங்குகளுக்குக் குளிர் கூடும் மாதங்களில் அது உயர்கிறது. சூல் முதிரும்போது பபூன் பெண்களுக்கு உயர்கிறது. பசியில் உயர்கிறது. புணர்ச்சிப் பருவத்தில் ஆண்களுக்கு உயரலாம். மறுபுறம், நெடுநாள் துன்பத்தில் உழன்ற உடலில் அது உயராமலே இருக்கவும் கூடும். 2013இல் மோலி டிக்கன்ஸும் மைக்கேல் ரொமேரோவும் காட்டு விலங்குகளில் நீடித்த அழுத்தம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எல்லா இனங்களுக்கும் பொதுவான ஒரே ஹார்மோன் அடையாளம் என்று ஒன்று இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். சில விலங்குகளில் கூடியது, சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் மாறவே இல்லை.

எண்ணைத் தனியே விடக் கூடாது என்பதை உணர்ந்தவர்கள் அதற்குத் துணைகளைத் தேடினார்கள். சிம்பன்ஸி சிறுநீரில் சி-பெப்டைடு அளந்தால், இன்சுலின் சுரப்பு வழியாக, அது வயிறார உண்டதா என்பது தெரியும். தைராய்டு ஹார்மோனை மலத்தில் அளந்தால் பட்டினியைப் பிற கலக்கங்களிலிருந்து பிரிக்கலாம். இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு குரங்குகளுக்கு வெளியே இருக்கிறது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஓர்க்கா திமிங்கிலங்களைச் சுற்றிப் படகுகளும் மிகுந்தன, அவை உண்ணும் சால்மன் மீன்களும் குறைந்தன. எது அவற்றை வாட்டுகிறது? வாசரின் குழு, மோப்ப நாயைப் படகில் ஏற்றிச் சென்று திமிங்கில மலத்தைக் கண்டெடுத்து, இரு ஹார்மோன்களையும் சேர்த்து அளந்தது. உணவின்மையே முதன்மைக் காரணம் என்பதை 2012இல் எழுதினார்கள். கார்டிசால் வகையை மட்டும் அளந்திருந்தால் பழி முழுவதும் படகுகளின் மேல் விழுந்திருக்கக்கூடும்.

நம் பக்கத்து யானைகளிடமிருந்தும் ஒரு செய்தி உண்டு. பயிருக்குள் இறங்கும் யானைகளை மக்கள் வெடி வைத்தும் கூச்சலிட்டும் விரட்டுகிறார்கள். ஆகவே அவற்றின் லத்தியில் அழுத்த ஹார்மோன் கூடுதலாக இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சஞ்சீதா சர்மா போக்ரேல், போலானி சேஷகிரி, ராமன் சுகுமார் ஆகியோர் செய்து 2019இல் வெளியான ஆய்வில் அது குறைவாகவே இருந்தது. சத்துள்ள பயிர் உணவு கலக்கத்தைத் தணித்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். குறைந்த எண்ணைக் கண்டு அந்த யானைகள் நலமாக உள்ளன என்று எழுதிவிட முடியுமா? மின்வேலியும் வெடியும் அந்த எண்ணுக்குள் இல்லை.

மனிதர் அருகில் வருவது குரங்குகளை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இம்முறை தந்த விடைகளும் ஒரே திசையில் இல்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் சங்கா காடுகளில், மனிதருக்குப் பழக்கப்படுத்தப்பட்டுவந்த கொரில்லாக் குழுவில் ஹார்மோன் அளவு உயர்ந்திருந்தது. ஏழு மீட்டருக்குள் வரக் கூடாது என்ற விதி மீறப்படுவதற்கும் உயர்வுக்கும் தொடர்பு தெரிந்தது. மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபதாங்கான் ஆற்றங்கரை ஒராங்குட்டான்களின் அளவு, பயணிகள் வந்து பார்த்த மறுநாள் உயர்ந்தது. ஆனால் அது நிலைத்துவிட்டதற்குச் சான்று இல்லை. மொராக்கோவின் இஃப்ரான் பூங்காவில் பார்பரி ஆண் குரங்குகளுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது பொருட்டாக இல்லை. வந்தவர்களோடு ஏற்பட்ட உரசல்களோடுதான் ஹார்மோன் உயர்வு சேர்ந்து வந்தது. கல்லெறிவதும் விரட்டுவதும் உணவைக் காட்டிச் சீண்டுவதும் ஒரு தலைக்கணக்கில் அகப்படாதவை.

வால்பாறை அருகே புதுத்தோட்டத்தில் சோலைமந்திகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தேயிலைக்கு நடுவே எஞ்சிய காட்டுத் துண்டில் வாழும் அவை சாலையில் இறங்குகின்றன, வீட்டுக் கூரையில் ஏறுகின்றன, வண்டியில் அடிபடுகின்றன. சாலையின் மேலே கட்டப்பட்ட கயிற்றுப் பாலங்கள் அவற்றுக்கு உதவுகின்றன. மனிதருக்கு நடுவே நிதானமாக உட்கார்ந்திருக்கும் ஒரு மந்தியைப் பார்த்து, பழகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முகத்தில் தெரியாதது உடலில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள அதன் மேல் வலை வீசத் தேவையில்லை. ஹைதராபாதில் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியின் லாகோன்ஸ் ஆய்வகம் வன விலங்குகளின் மல ஹார்மோன்களை அளக்கும் திறனை வளர்த்து வைத்திருக்கிறது. மந்திகளைத் தனித்தனியே அறிந்த களப்பணியாளர்கள் மலையில் இருக்கிறார்கள். இவர்களின் உழைப்பு நீண்ட காலம் ஒன்றாக நடக்கப் பணமும் அனுமதியும் வேண்டும். இரண்டு ஆண்டுத் திட்டத்தில் இது விளங்காது. ஒரு சோலைமந்தியின் ஆயுளே இருபது ஆண்டுக்கு மேல் போகும்.

நீண்ட காலம் என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அம்போசெலி. ஃபெர்னாண்டோ காம்போஸ், எலிசபெத் ஆர்ச்சி, சூசன் ஆல்பர்ட்ஸ், ஜெனி டங் முதலியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 242 பெண் பபூன்களின் 14,173 மல மாதிரிகள் இருந்தன. வயது, சூல், பருவம், படிநிலை என்று எண்ணைக் குழப்பும் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும், வாழ்நாள் நெடுக உயர்ந்த அளவோடு இருந்த பெண்கள் முன்னதாகவே இறந்தார்கள். உச்சப் பத்து விழுக்காட்டில் இருப்பவளுக்கும் அடிமட்டப் பத்து விழுக்காட்டில் இருப்பவளுக்கும் இடையே எதிர்பார்க்கத்தக்க ஆயுள் வேறுபாடு 5.4 ஆண்டுகள். காட்டு பபூனுக்கு அது பெரும் காலம். தாயை இளமையில் இழந்தவர்கள், பஞ்ச ஆண்டில் பிறந்தவர்கள் போன்றோருக்கு வளர்ந்த பிறகும் ஹார்மோன் அளவு கூடுதலாகவே இருந்தது என்பதை அதே தரவுத் திரட்டு ஓராண்டு முன்பே காட்டியிருந்தது.

ஹார்மோன்தான் ஆயுளைக் குறைத்ததா, அல்லது ஆயுளைக் குறைத்த ஏதோ ஒன்று ஹார்மோனையும் உயர்த்தியதா என்பதை இந்த ஆய்வு தீர்க்கவில்லை. எழுதியவர்களும் அப்படி உரிமை கோரவில்லை. ஒரு விலங்கின் கார்டிசாலை வேண்டுமென்றே ஆண்டுக்கணக்கில் உயர்த்திப் பார்க்கும் சோதனையைக் காட்டில் யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. எஞ்சியிருப்பது, பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை பெயரோடு தொடரப்பட்ட குரங்குகளின் குறிப்பேடுகளும், ஒவ்வொன்றிடமிருந்தும் தேதியிட்டுச் சேமித்த குப்பிகளும். நாளை வேறொரு ஹார்மோனுக்குச் சோதனை கண்டுபிடிக்கப்பட்டால், நன்றாகப் பாதுகாத்த பழைய குப்பிகளை மீண்டும் திறந்து, இறந்துபோன குரங்குகளிடமும் புதிய கேள்வியைக் கேட்கலாம்.